திருவள்ளூருக்குப் போன நாற்காலி

என் மாமனார் வரப்பில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்குப் போனாலும் இன்னும் சில மாதங்களுக்குக் கீழே குந்தவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். புதுவாயலில் எங்கள் வீட்டுக் கழிவறை தரையோடு பதித்த பழைய வகை. நடுவில் ஓட்டை உள்ள நாற்காலி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், கீழே பாத்திரம் மாட்டிக்கொள்ளலாம் என்று நர்ஸ் யோசனை சொன்னார். அதை மாமனார் படுத்துக்கொண்டே கேட்டிருக்கிறார். மாலையில் நான் சாப்பாடு கொண்டுபோனபோது என்னைக் கட்டிலுக்கு அருகில் கூப்பிட்டார்.

"ம்மா, அந்தச் சேரு வாங்கறதா இருந்தா கும்மிடிப்பூண்டில வாங்காத. அங்க கீற கடக்காரன் எல்லாருக்கும் என்னைத் தெரியும். வண்டில வெச்சிக்கினு வந்தீன்னா தெருவே பாக்கும்."

"சரி மாமா. போன்லயே ஆர்டர் போட்டுடறேன். டப்பாவுல மூடித்தான் வரும், யாருக்கும் தெரியாது" என்றேன்.

அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. ஏரிப் பாசனத்தில் எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் விடுவது என்ற தகராறு வந்தால் ஊரார் அவரைத்தான் தேடி வருவார்கள். அப்படிப்பட்டவருக்கு அந்த நாற்காலி தெருவழியாக வருவது பெரிய விஷயமாக இருந்தது. எனக்கு அது புரிந்தது.

நான் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் டைம் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் போனில் தேடினேன். ஒருமுறை தேடிவிட்டால் போதும், அதன்பிறகு எதைத் திறந்தாலும் அந்த விளம்பரமே வந்து நிற்கும். அப்படி வந்து நின்ற ஒரு சின்னக் கடையில் படமும் விலையும் சரியாகப் பட்டன. முன்பணம் கட்டினால்தான் அனுப்புவோம் என்றார்கள். கட்டிவிட்டேன்.

பார்சல் வந்தது. தட்டையான, கனமான அட்டைப் பெட்டி. என் கணவர்தான் பிரித்தார். அலுமினியக் கால்கள், ஒரு பிளாஸ்டிக் தட்டு, ஒட்டகச்சிவிங்கி படம் போட்ட மஞ்சள் மெத்தை. குழந்தைகளை உட்காரவைத்துச் சோறு ஊட்டும் உயரமான நாற்காலி அது. கணவர் சிரிப்பை அடக்க முடியாமல் வாசலுக்குப் போய்விட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதை மறைத்து வைப்பதற்குள் மாமனார் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சேர்ந்தார். ஆம்புலன்ஸ்காரர்கள் அவரைக் கட்டிலில் கிடத்திவிட்டுப் போனதும் அவர் கண்ணில் பட்டது அந்த மஞ்சள் மெத்தைதான்.

"இன்னாம்மா இது? எனக்கா?"

"தப்பா வந்துட்ச்சி மாமா. திருப்பி அனுப்பிடலாம்."

"பெல்ட்டு கூட கீதே. நான் வுழாம கட்டி வெச்சிடலாம்னு பாத்தியா?" என்று சிரித்தார். சிரித்ததில் இடுப்பு வலித்துவிட்டது போலும். கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்தக் கடையின் எண்ணுக்கு வாட்ஸாப்பில் படம் எடுத்து அனுப்பினேன். 'உங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது' என்று உடனே பதில் வந்தது. ஆள் போட்ட பதில் இல்லை அது, தானாக வருவது. அதற்குப் பிறகு நான் அனுப்பியதெல்லாம் ஒற்றை டிக்கோடு நின்றன. போன் செய்தால் முதலில் ஒரு பக்திப் பாட்டு கேட்டது. பிறகு அதுவும் நின்றுபோய், ஸ்விட்ச் ஆஃப் என்றது. அவர்களுடைய இணையப் பக்கத்தில் 'ரிட்டர்ன்' என்ற இடத்தைத் தொட்டால் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஆபீஸில் வேலைக்கு நடுவில் அந்த வட்டத்தையே நான் எத்தனையோ முறை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

இதற்கிடையில் என் கணவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்து, கத்தியைச் சூடாக்கி நடுவில் ஓட்டை போட்டுக் கொடுத்தார். அது ஆடியது. ஒருவர் பிடித்துக்கொண்டால்தான் மாமனார் உட்கார முடியும். கணவர் வீட்டில் இருந்தால் அவர் பிடித்துக்கொள்வார். அவர் ஷிஃப்டுக்குப் போய்விட்டால் நான்தான். மாமனார் என்னைக் கூப்பிட்டதே இல்லை. மகன் வரும்வரை அடக்கிக்கொண்டு கிடந்தார்.

இதை நான் உடனே கவனிக்கவில்லை. அவர் தலைமாட்டில் வைத்த சொம்புத் தண்ணீர் மாலையிலும் அப்படியே இருந்தது. சோற்றில் பாதியை ஒதுக்கிவைத்தார். மருந்தினால் வாய் கசக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் விளங்கியது. குடித்தால் எழுந்து போகவேண்டி வரும் என்பதற்காக மனிதர் தண்ணீரே குடிக்காமல் இருக்கிறார்.

அன்று இரவே கணவரிடம் சொன்னேன்.

"போனா போவுது. கும்மிடிப்பூண்டியிலயே ஒண்ணு வாங்கிடலாம். ராத்திரி எட்த்துனு வந்தா யாரு பாக்கப் போறாங்க?" என்றார் அவர்.

உள்ளே படுத்திருந்தவருக்கு அது கேட்டுவிட்டது. "வாணாம் நைனா" என்று குரல் வந்தது. "ஒரு சேருக்கு டப்பு கட்டியாச்சி. அத்த முடிக்காம இன்னொண்ணு வாங்கினா, ரெண்டாவதும் என் தலையில. நான் உக்கார மாட்டேன்."

அவர் உட்காரமாட்டேன் என்றால் உட்காரமாட்டார். அது எங்கள் இருவருக்கும் தெரியும்.

பெட்டியின் மேல் அனுப்புநர் விலாசம் ஒட்டியிருந்தது. திருவள்ளூர், ரயில் நிலையத்துக்குப் பின்பக்கம் ஒரு தெரு. பதில் சொல்லாத கடைக்கு நேரில்தான் போகவேண்டும் என்று முடிவு செய்தேன். கணவருக்கு இரண்டாம் ஷிஃப்ட் உள்ள ஒரு நாளாகப் பார்த்து லீவு போட்டேன். மதியம்வரை அவர் வீட்டில் இருப்பார். அதற்குமேல் ஆகிவிட்டால் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போகச் சொன்னேன்.

எல்லாவற்றையும் பழையபடி பெட்டியில் அடுக்கி, நைலான் கயிற்றால் கட்டி, பெரியபாளையம் பஸ்ஸில் ஏற்றினேன். கண்டக்டர் பெட்டியைக் காலால் தட்டிப் பார்த்தார்.

"இன்னா மேடம், டிவியா?"

"சேரு."

"உக்கார எடம் கெடைக்காதுன்னு நீங்களே எட்த்துனு வந்துட்டீங்களா?"

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் மனசுக்குள் கடைக்காரனிடம் பேசவேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டே இருந்தேன். பெரியபாளையத்தில் மாறி, திருவள்ளூரில் இறங்குவதற்குள் எனக்குத் தெரிந்த கடுமையான வார்த்தைகள் அத்தனையும் வரிசையாக நின்றன.

ஆட்டோக்காரர் இறக்கிவிட்ட இடத்தில் கடை எதுவும் இல்லை. பச்சை கேட் போட்ட ஒரு வீடு. பக்கத்தில் ஷட்டர் இறக்கிய ஒரு ஷெட். கேட்டைத் தட்டியதும் தலையில் முக்காடு போட்ட ஒரு பெண்மணி வந்தார். ஐம்பது வயது இருக்கும். என்னைப் பார்க்கவில்லை, பெட்டியைத்தான் பார்த்தார்.

"ரிட்டர்னா?"

"ஆமா. கடைக்காரரப் பாக்கணும்."

"அவனுங்க இங்க இல்லம்மா. அத்த மொதல்லயே சொல்லிட்றேன். நீ கத்தறதா இருந்தாலும் உள்ள வந்து கத்து. வெயில்ல நிக்காத."

நான் கொண்டுவந்திருந்த வார்த்தைகளில் ஒன்றுகூட அப்போது வாயில் வரவில்லை. பெட்டியின் ஒரு முனையை அவரே பிடித்துத் தூக்கினார். உள்ளே போனோம்.

அவர்களுக்குச் சொந்த ஊர் பழவேற்காடு. கணவரின் குடும்பம் தலைமுறையாக இறால், கருவாடு வியாபாரம் செய்தது. இவர்கள் மட்டும் திருவள்ளூருக்கு வந்து பஜாரில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார்கள். சும்மா கிடந்த ஷெட்டை இரண்டு இளைஞர்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார்கள்.

"நல்ல பசங்கதாம்மா. அக்கா அக்கான்னுதான் பேசுவானுங்க. எந்நேரமும் டப்பா, டேப்பு, கம்ப்யூட்டரு. மொதல்ல ரெண்டு பேரும் நல்லாதான் பண்ணானுங்க. அப்புறம் இன்னா ஆச்சோ, ஒருத்தனுக்கொருத்தன் சண்ட. ஒரு நாள் காலைல பாக்கறேன், ஷட்டரு தொறந்து கீது, ஆளக் காணோம். போனும் இல்ல. இப்ப போறவன் வர்றவன் எல்லாம் என் கேட்டத் தட்றான்."

"போலீஸ்ல சொன்னீங்களா?"

"ஊட்டுக்காரரு போய் எழுதிக் குட்த்துட்டு வந்தாரு. பாக்கறோம்னாங்க. கொரியர்காரன் எட்த்துனு வர்றத வாங்க மாட்டேன்னு சொல்லிட்டேன். ஆனா உன்ன மாதிரி நேர்ல சொமந்துனு வர்றவங்கள எப்டி தொரத்தறது?" என்றவர் கொஞ்சம் நிறுத்தி, "ஒரு ஆளு தெருவுல நின்னுக்கினு என்னப் பாத்து திருடின்னான். நான் போய் தொழுகைக்கு நின்னாலும் அதுவே காதுல கேட்டுக்கினு இருந்திச்சி" என்றார்.

அவர் கொடுத்த டீயைக் குடித்தேன். நானும் கேட்டைத் தட்டும்போது அதே எண்ணத்தில்தான் வந்தேன் என்பதைச் சொல்லவில்லை.

"அது சரி, டப்பாவுல இன்னா கீது?" என்று கேட்டார்.

கயிற்றை அவிழ்த்துக் காட்டினேன். ஒட்டகச்சிவிங்கியைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "அழகா கீதே. பேரப் புள்ளைக்கா?"

"இல்லக்கா. மாமனாருக்கு."

அவர் விழித்தார். நான் முதலிலிருந்து சொன்னேன். விழுந்தது, ஆபரேஷன், கும்மிடிப்பூண்டியில் வாங்கக்கூடாது என்றது, ஓட்டை போட்ட பிளாஸ்டிக் நாற்காலி, குடிக்காமல் வைத்த தண்ணீர். முன்பின் பார்த்திராத ஒருவரிடம் இத்தனையும் ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அவர் மெதுவாக எழுந்தார்.

"இரும்மா. நீ சொல்ற மாதிரி ஒரு சேரு நம்ம ஷெட்டுல கீது."

அத்திப்பட்டிலிருந்து ஒருவர் பைக்கில் கட்டிக்கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனதாம் அது. அனல்மின் நிலையத்தில் காண்ட்ராக்ட் வேலை செய்பவர். 'என் கொழந்தைக்குச் சேரு கேட்டா ஆஸ்பத்திரி சேரு அனுப்பறீங்களா, அபசகுனமா' என்று கத்தியிருக்கிறார். வீட்டுக்குப் போனபின் அவரே போன் செய்து, கோபத்தில் பேசிவிட்டேன் அக்கா, மன்னிச்சிக்கங்க என்றாராம். அதிலிருந்து பணம் பற்றி ஏதாவது தெரிந்ததா என்று அவ்வப்போது கேட்டுக்கொண்டிருக்கிறார்.

ஷட்டரைத் தூக்கினோம். உள்ளே சுவரோரம் பெட்டிகள் அடுக்கியிருந்தன. என்னுடையதைப் போலவே ஒன்று, அதே அளவு, அதே அட்டை. மூடியை விலக்கினேன். அலுமினியக் கால்கள், கைப்பிடி, மூடி போட்ட வெள்ளைப் பாத்திரம். விளம்பரத்தில் நான் பார்த்த அதே நாற்காலி. இரண்டு பெட்டிகளிலும் விலாசத்தை மாற்றி ஒட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

"திருடனா இருந்தா செங்கல்ல வெச்சி அனுப்பியிருப்பான். இதுங்க தொழில் தெரியாம மாட்டிக்கினு ஓடிப்போச்சிங்க" என்றார் அக்கா.

நான் பெட்டியை இழுக்கப் போனேன். அவர் அதன்மேல் கையை வைத்தார். "அவனக் கேக்காம எடுக்கக் கூடாதும்மா. என்ன நம்பி வெச்சிட்டுப் போயிருக்கான்."

அவர் சொன்னது நியாயம். போன் செய்தோம். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. வேலை நேரத்தில் உள்ளே போன் கொண்டுபோக விடமாட்டார்கள், சாப்பாட்டுக்கு வெளியே வந்தால் அவரே கூப்பிடுவார் என்றார் அக்கா. காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. அக்கா சமையலறைக்குப் போனார். நானும் பின்னால் போய் வெங்காயம் உரித்துக் கொடுத்தேன்.

"எங்க ஊட்ல சாப்பிடுவ இல்ல?" என்று அடுப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ஏன்க்கா சாப்பிட மாட்டேன்?"

"இல்ல, சில பேரு மாட்டாங்க. அதான் கேட்டேன்."

பழவேற்காட்டிலிருந்து வந்த இறால். தொக்கு செய்தார். கடையிலிருந்து அவர் கணவரும் வந்து சேர்ந்தார். அதிகம் பேசாதவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அல்லா, ரெண்டு சேரும் ஒரே ஊட்ல வந்து நிக்குதா?" என்று மட்டும் சொன்னார். நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. அக்கா ஸ்பீக்கரில் போட்டார்.

"இன்னாக்கா, டப்பு வந்திச்சா?"

"டப்பு வர்ல. உன் சேரு வந்துகீது."

"எந்தச் சேரு?"

"மஞ்சக் கலரு. ஒட்டகச்சிவிங்கி போட்டது."

நான் போனை வாங்கி, யார் என்ன என்று விவரம் சொன்னேன். அவர் முழுதும் கேட்டார்.

"அப்ப அந்த ஆஸ்பத்திரி சேரு உங்க மாமனாருதா?"

"ஆமாங்க."

"ஐயோ. நான் அத்த போட்டு ஒதச்சனே மேடம்" என்றார். அவர் சிரிக்கிறாரா வருந்துகிறாரா என்று தெரியவில்லை. "நீங்க அத்த மொதல்ல எட்த்துனு போங்க. என்னுதையும் கையோட எட்த்துனு போயிடுங்க. அத்திப்பட்டுல இருந்து திருவள்ளூர் வர்றதுதான் பேஜாரு. புதுவாயல்னா ஞாயித்துக்கிழமை வண்டில வந்துடுவேன். இன்னும் வேற சேரு வாங்கல. பாப்பாவ மடியில வெச்சித்தான் ஊட்டிக்கினு கீறோம்."

"ரெண்டையும் என்கிட்ட குடுத்துட்றீங்களே, நம்பறீங்களா?"

"ரெண்டு சேர வெச்சிக்கினு நீங்க இன்னா மேடம் பண்ணப் போறீங்க?" என்றார்.

அக்காவின் கணவர் இரண்டு பெட்டிகளையும் தன் கடையின் மினி வேனில் பஸ் நிலையம்வரை கொண்டுவந்து, பஸ்ஸிலும் ஏற்றிவிட்டார். வீட்டிலிருந்து வேனில் ஏறும்போதே அக்கா ஒரு சின்ன டப்பாவில் இறால் தொக்கு கொடுத்தார். "பெரியவருக்குக் குடு. காரம் கம்மியாத்தான் போட்டேன்."

வீட்டுக்கு வரும்போது தெருவில் விளக்கு எரியத் தொடங்கியிருந்தது. கணவர் ஷிஃப்டுக்குப் போயிருந்தார். நானே திருப்புளி வைத்து மாட்டினேன். ஒரு காலுக்கு ரப்பர் புஷ் இல்லை. பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றிக் கட்டினேன். மாமனார் கட்டிலில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். அறையின் மூலையில் நாற்காலியை வைத்து, முன்னால் ஒரு புடவையைத் திரையாகக் கட்டினேன். கைப்பிடியை அழுத்தி ஆட்டிக் காட்டினேன். அசையவில்லை.

"நீ வெளிய போம்மா" என்றார்.

நான் வாசலில் போய் நின்றேன். வாக்கர் தரையில் படும் சத்தம் மெதுவாகப் போய், நின்றது. வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்தது. கட்டில் கிரீச்சிட்டது.

"ம்மா."

"இன்னா மாமா?"

"மோரு கீதா?"

ஒரு சொம்பு நிறையக் கொடுத்தேன். முழுவதும் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டார். நான் சமையலறையில் தேவையில்லாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு எடுத்துக்கொண்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அத்திப்பட்டுக்காரர் மனைவியோடும் குழந்தையோடும் வந்தார். முப்பது வயதுகூட இருக்காது. வந்ததும் சட்டைப் பையிலிருந்து ஒரு ரப்பர் புஷ்ஷை எடுத்து என் கணவரிடம் நீட்டினார். "நான் ஒதச்சப்ப கழண்டு எங்க ஊட்டு பீரோ அடியில போயிடுச்சி சார்." மாமனார் வெள்ளை வேட்டி கட்டி, தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அந்த இளைஞர் அவர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஐயா, கோவத்துல ஒதச்சிட்டேன். தப்பா நெனச்சிக்காதீங்க."

"என்னால நடக்க முடிஞ்சிருந்தா நானும் உன் சேர ஒதச்சிருப்பேன்" என்றார் மாமனார். "உக்காரு."

பெண் குழந்தை. மஞ்சள் நாற்காலியை என் கணவரும் அவரும் சேர்ந்து பூட்டினார்கள். குழந்தையை அதில் வைத்துப் பெல்ட்டைப் போட்டதும், அது தட்டை இரண்டு கையாலும் அறைந்தது. அதன் அம்மா கொண்டுவந்த பருப்புச் சோற்றைப் பிசைந்தார். நான் மாமனாருக்கும் அங்கேயே தட்டு வைத்தேன். குழந்தை ஒரு வாய் வாங்கிவிட்டு அவரைப் பார்க்கும். அவர் ஒரு வாய் சாப்பிட்டுக் காட்டுவார். பிறகுதான் அது அடுத்த வாய் வாங்கும். அன்று இரண்டு பேருமே சோற்றை ஒதுக்கவில்லை.

கடைக்காரர்களைப் பற்றி இதுவரை எந்தத் தகவலும் இல்லை. அக்காவின் கணவர், அத்திப்பட்டுக்காரர், நான், மூவரும் சேர்ந்து திருவள்ளூரில் மறுபடியும் ஒரு புகார் கொடுத்தோம். எனக்கும் அத்திப்பட்டுக்காரருக்கும் சாமான் கிடைத்துவிட்டது. மற்றவர்களுக்கு வேண்டுமே என்றுதான் கையெழுத்துப் போட்டோம். ஷெட்டில் இருந்தவற்றில் இன்னும் இரண்டு மூன்று பொருட்கள் உரியவர்களிடம் போய்ச் சேர்ந்தன. அரக்கோணத்திலிருந்து அழுதுகொண்டே வந்த ஒரு பெண்ணின் தையல் மெஷின் மட்டும் எங்கு தேடியும் கிடைக்கவில்லை.

போன வாரம் நான் ஆபீஸில் இருக்கும்போது அக்கா கூப்பிட்டார். ஜன்னல் திரை போடும் கம்பி கேட்ட ஒருவருக்கு மீன்தொட்டி வந்திருக்கிறதாம். ஆள் கேட்டில் நின்று கத்திக்கொண்டிருப்பது எனக்கே கேட்டது.

"நீயும் வாங்கி ஏமாந்தவதான்னு சொன்னா கேப்பாரும்மா. கொஞ்சம் பேசு."

போன் கைமாறியது. முதலில் அவர் கத்தி முடிக்கட்டும் என்று காத்திருந்தேன்.